"தப்பு என்று தெரியுமா?" என்ற கேள்வி போதாது

பெற்ற தாயே பிள்ளையைக் கொன்ற வழக்கில் மனநல மருத்துவர் சாட்சிக் கூண்டில் ஏறினால், எங்கே சுற்றினாலும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: "தான் செய்வது தப்பு என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்." 1843-இல் மெக்நாட்டன் வழக்கையொட்டி இங்கிலாந்து நீதிபதிகள் வகுத்த விதியிலிருந்து வரும் கேள்வி இது. மனநோயால் அது தெரியாமல் போயிருந்தால் குற்றமில்லை என்பது அந்த விதி. இந்தியாவில் அது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. பிரசவத்தை ஒட்டி வரும் மனநோய்களை அளக்க இந்த அளவுகோல் போதாது என்பது என் கருத்து.

அமெரிக்காவின் டெக்சாஸில் ஆண்ட்ரியா யேட்ஸ் என்ற தாயின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2001 ஜூனில் தன் ஐந்து குழந்தைகளையும் அவர் கொன்றார். கணவர் வேலைக்குக் கிளம்பிப் போகும்வரை காத்திருந்தார். முடிந்ததும் தானே போலீசுக்குப் போன் செய்தார். அரசுத் தரப்புக்கு வேறென்ன வேண்டும்? திட்டம் இருக்கிறது, தப்பு என்று தெரிந்தும் இருக்கிறது. ஆனால் அவர் மனதில் ஓடியது வேறு. தான் கெட்ட தாய், பிள்ளைகள் தன்னால் பாழாகி நரகத்துக்குப் போவார்கள், இப்போதே இறந்தால் தப்பிப்பார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். 1999-லேயே தற்கொலை முயற்சி, மருத்துவமனை வாசம், இன்னொரு குழந்தை வேண்டாம் என்ற மருத்துவரின் எச்சரிக்கை எல்லாம் நடந்திருந்தன. சம்பவத்துக்குச் சில வாரம் முன்புதான் சைக்கோசிஸுக்கான, அதாவது நிஜம் எது பிரமை எது என்று பிரிக்க முடியாமல் போகும் மனநோய்க்கான மாத்திரை நிறுத்தப்பட்டிருந்தது. இத்தனைக்கும் பிறகு 2002-இல் ஆயுள் தண்டனை. அரசுத் தரப்பு நிபுணர், இதே போன்ற கதை ஒரு டி.வி. தொடரில் வந்ததாகச் சாட்சி சொன்னார். அப்படி ஒரு கதை ஒளிபரப்பாகவே இல்லை. அதனால் 2005-இல் தீர்ப்பு ரத்தாகி, 2006 மறுவிசாரணையில்தான் சித்தசுவாதீனம் இல்லாத நிலையில் செய்தார், குற்றவாளி அல்ல என்று ஜூரி சொன்னது. அவர் வீட்டுக்குப் போகவில்லை, மனநல மருத்துவமனைக்குப் போனார். "பைத்தியம்னு சொல்லித் தப்பிச்சிட்டா" என்று பேசுகிறவர்கள் கவனிக்காத இடம் இது.

கதவைத் தாழிடுவதும் நேரம் பார்ப்பதும் மனநோயோடு சேர்ந்தே இருக்க முடியும். பொய்யான நம்பிக்கை உள்ளே உட்கார்ந்துவிட்டால், அதை நிறைவேற்றும் வேலையில் மூளை ஒழுங்காகவே இயங்கும். இந்த நோய் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும்: ஏறி இறங்கும். காலையில் சாதாரணமாகப் பேசியவர் மதியம் குழந்தையின் முகம் மாறிவிட்டது, இது என் பிள்ளை இல்லை என்பார். மாலையில் மறுபடி தெளிவாக இருப்பார்.

மதிப்பீட்டுக்கு மனநல மருத்துவர்களான எங்களிடம் அனுப்பும்போது பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் ஓடியிருக்கும். மருந்து வேலை செய்திருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் தெளிவாகப் பதில் சொல்வார், அழுவார், "நான்தான் செய்தேன்" என்பார். இன்றைக்குத் தெளிவாக இருக்கிறார் என்பதை அன்றைக்கும் தெளிவாக இருந்தார் என்று அறிக்கையில் எழுதிவிடுவது சுலபம். அதனால் "ஏன் செய்தீர்கள்" என்று நான் தொடங்குவதில்லை. முந்தைய சில இரவுகள் எவ்வளவு நேரம் தூங்கினார்? குழந்தை தூங்கியபோதாவது தூக்கம் வந்ததா? யாரிடம் என்ன சொன்னார்? பழைய மருந்துச் சீட்டு, பிரசவ டிஸ்சார்ஜ் தாள், போனில் அனுப்பிய செய்திகள், அக்காவோ அண்டை வீட்டாரோ கவனித்தது, இவைதான் அன்றைய நிலையைக் காட்டும். குடும்பத்தார் வெட்கத்தில் இவற்றை ஒளித்தால், கோப்பில் எஞ்சுவது போலீஸ் வாக்குமூலம் மட்டும்தான்.

இங்கிலாந்து 1922-லேயே இதற்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 1938-இல் திருத்தி, குழந்தைக்கு 12 மாதம் ஆகும்வரை என்று விரித்தார்கள். பிரசவத்தின் விளைவால் தாயின் மனநிலை குலைந்திருந்தால், அது கொலைக் குற்றம் ஆகாது, சிசுக்கொலை என்ற குறைந்த குற்றமாகும். பெரும்பாலும் சிறைக்குப் பதிலாகச் சிகிச்சையும் கண்காணிப்பும்தான் உத்தரவாகும். தாய்ப்பால் சுரப்பதாலும் மனம் குலையும் என்று அதில் எழுதியிருப்பது இன்றைய மருத்துவத்துக்கு ஒத்துவராது, ஆனாலும் அது செய்யும் வேலை நல்ல வேலை. கனடாவில் இக்குற்றத்துக்கு அதிகபட்சம் 5 ஆண்டுதான். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2018 முதல், பிரசவத்துக்குப் பிந்தைய மனநோயைத் தண்டனை குறைக்கும் காரணமாக ஏற்கிறது. இந்தியாவில் இப்படித் தனிப் பிரிவு கிடையாது. 22-ஆம் பிரிவில் அடங்கினால் விடுதலை. அடங்காமல் கொலை என்று நிரூபணமானால் குறைந்தபட்சமே ஆயுள். நடுவில் நீதிபதி நிற்க இடமே இல்லை. கடும் மனச்சோர்வில், "நான் போய்விட்டால் இவனை யார் பார்ப்பார்கள்" என்று குழந்தையையும் சேர்த்துக்கொண்டு சாக முயன்று தான் மட்டும் பிழைத்தவர், இந்த இடைவெளியில்தான் விழுகிறார்.

சரி, பிள்ளையைக் கொல்லும் தாய் எல்லாருமே நோயாளியா? இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் பிலிப் ரெஸ்னிக் 1969-இல் பிரித்த ஐந்து காரணங்களில் தீவிர மனநோய் ஒன்று. வேண்டாத குழந்தை, அடித்துத் துன்புறுத்தியதில் நேர்ந்த சாவு, கணவனைப் பழிவாங்குவது ஆகியவையும் அதில் உண்டு. எல்லாவற்றுக்கும் நோய் என்று எழுதிக்கொடுக்கும் மருத்துவரால் கெடுவது உண்மையான நோயாளியின் வழக்கு.

தண்டனை எதுவானாலும், சிகிச்சையில் தெளிந்த பிறகுதான் பெரிய ஆபத்து தொடங்குகிறது. என்ன நடந்தது என்று புரிகிற அந்த நாட்களில் தற்கொலை எண்ணம் உச்சத்தில் இருக்கும். சிறையிலோ மருத்துவமனையிலோ, அப்போது அவரைத் தனியாக விடக்கூடாது. அவர் பிறகு கருவுற்றால், பிரசவத்துக்கு முன்பே சிகிச்சைத் திட்டம் போட்டாக வேண்டும். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம்.

பிரசவத்துக்குப் பிந்தைய சைக்கோசிஸ், வழக்கு வரை போகாமல் தடுக்கக்கூடிய நோய். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள். பைபோலார் நோய் (மனம் மாறி மாறி அதீத உற்சாகத்திலும் சோர்விலும் போவது) ஏற்கெனவே உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் குழந்தைக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை, சிகிச்சையில் நன்றாகவே குணமாகிறார்கள். ஆனால் தூக்கம் அறவே போவது, வீட்டாரைச் சந்தேகிப்பது, குழந்தைக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்பது, காதில் குரல் கேட்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளை பார்ப்போம் என்று தள்ளாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனை. அதுவரை தாயும் குழந்தையும் தனியாக இருக்க வேண்டாம்.

இன்னொரு வகைத் தாய்மாரும் வருவார்கள். "குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று எண்ணம் வருது டாக்டர்" என்று நடுங்கிக்கொண்டே சொல்வார்கள், கத்தியை ஒளித்து வைப்பார்கள், குழந்தையைத் தூக்கவே பயப்படுவார்கள். பலருக்கு இது ஓசிடி என்ற வேறு நோய், வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வதைப்பது. அந்த எண்ணம் அவர்களுக்கே அருவருப்பானது. அதன்படி நடந்துகொள்வது மிக மிக அரிது. பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்தே பலர் மாதக்கணக்கில் வாய் திறப்பதில்லை. எது எந்த நோய் என்று வீட்டில் உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டாம், அது எங்கள் வேலை. அவர் சொல்ல வாயெடுத்தால், திட்டாமல் கேட்டு, கூட்டிக்கொண்டு வாருங்கள்.