பழைய பசையின் மேல் புதிய பசை நிற்காது

கயிறு கட்டும் டி வளையம் நடுநீரில் கையோடு வந்துவிட்டதென்று ஒருவர் தன் காற்றடைக்கும் படகைப் பழுதுபார்க்க என்னிடம் கொண்டுவந்தார். ஒட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லையாம். வளையத்தின் அடியில் பசைக்குக் குறைவில்லை. ஆனால் அது இன்னும் பிசுபிசுவென்று இருந்தது. படகு பிவிசி துணியால் ஆனது. பூசியிருந்ததோ ஹைப்பலான் என்ற செயற்கை ரப்பர் பூசிய துணிக்கான நியோப்ரீன் பசை. பிவிசியை வளைந்துகொடுக்க வைக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து அந்தப் பசையை இளக்கிவிடும். பிவிசிக்கு, இறுக வைக்கும் ஹார்டனர் கலக்கும் இருபகுதிப் பாலியூரித்தேன் பசைதான் வேண்டும்.

படகின் துணி எதுவென்று தெரியாமல் பசை டப்பாவைத் திறக்காதீர்கள். மெத்தில் எத்தில் கீட்டோன் கரைப்பானை ஒரு கந்தலில் தொட்டு, படகில் மறைவான ஓரிடத்தைத் துடைத்துப் பாருங்கள். பிவிசி இளகி ஒட்டும். ஹைப்பலான் அப்படி ஆகாது.

அடுத்தது, எல்லோரும் அவசரப்படும் இடம். பழைய பசை முழுவதும் போக வேண்டும். சூடான காற்று ஊதும் ஹீட் கன்னை மிதமாகக் காட்டி, ஓரத்திலிருந்து பொறுமையாக உரித்தால் பழைய ஒட்டுத்துண்டு வந்துவிடும். மிச்சப் பசையைக் கரைப்பானில் நனைத்த துணியால் தேய்த்து எடுக்க வேண்டும். என் வேலை நேரத்தில் பாதிக்கு மேல் இதற்கே போகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஹைப்பலானைப் பளபளப்புப் போகும்வரை உப்புத்தாளால் தேய்க்கலாம். பிவிசியில் அந்த வேகம் கூடாது, உள்ளிருக்கும் நூல் வெளியே வந்துவிடும். யாராவது முன்பு சிலிக்கோன் பூசியிருந்தால் வேலை இரட்டிப்பு. அதன் படலம் கொஞ்சம் தங்கினாலும் எந்தப் பசையும் பிடிக்காது.

ஒட்டும் துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்முனைதான் முதலில் கிளம்பும். கிழிசலைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டராவது துண்டு படிய வேண்டும். இரு பரப்பிலும் மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை பூசி, ஒவ்வொன்றையும் காயவிடுங்கள். தடித்த ஒற்றைப் பூச்சில் கரைப்பான் உள்ளேயே சிக்கிக் குமிழ்விடும். மழை நாளிலும் ஈரக்காற்றிலும் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஈரம் பசையின் மேல் படிந்தால் பிடிப்பு போய்விடும். துண்டை வைத்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் அழுத்தித் தள்ளுங்கள்.

டி வளையத்தைப் பொறுத்தவரை திசையும் முக்கியம். துணியோடு இணையாக இழுக்கும் விசையைப் பசை நன்றாகத் தாங்கும். மேல்நோக்கி உரிக்கும் விசையைத் தாங்காது. கயிறு எந்தப் பக்கம் இழுக்கும் என்று பார்த்தே வளையத்தை வையுங்கள்.

ஒட்டிய பின் ஒரு நாளாவது காற்றடைக்காமல் விடுங்கள். முழு வலிமை வரப் பல நாட்கள் ஆகும். அதன் பிறகு காற்றடைத்துச் சோப்பு நீர் பூசிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள்.

பூட்டிய அறையில் இந்தப் பசையோடு உட்காருபவர்களைக் கண்டால் எனக்குப் பதைக்கிறது. கரைப்பான் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. திறந்த வெளி, கையுறை, பக்கத்தில் நெருப்பில்லாமை, இவற்றில் ஒன்று குறைந்தாலும் அன்று வேலையைத் தள்ளிவையுங்கள்.

இயந்திரம் மாட்டும் பின்பலகை பிரிந்தாலோ, தையலோரம் நீளமாக விட்டிருந்தாலோ வீட்டில் முயலாமல் பழகிய கையிடம் கொடுங்கள். அந்த இணைப்பை நம்பித்தான் இயந்திரமும் அதில் ஏறுபவர்களும் இருக்கிறார்கள்.