நல்ல மரத்தடியில் முளைத்த கன்றை எடுத்து நடாதீர்கள்

"மரம் தளதளன்னு நிக்குது சார், குலைதான் அழுகி அழுகிப் போகுது. என்ன மருந்து அடிக்கலாம்?" ஒரத்தநாடு பக்கம் எண்ணெய்ப் பனை (பாமாயில் எடுக்கும் மரம்) வைத்திருக்கும் ஒரு விவசாயி போனில் இப்படித்தான் ஆரம்பித்தார். கேட்டதுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, ஏனென்றால் இதே கேள்வியோடு இந்த வருடம் ஏற்கெனவே இரண்டு தோட்டங்களுக்குப் போய் வந்திருக்கிறேன்.

அவர் தோட்டத்துக்குப் போனேன். 4 ஏக்கர், ஏக்கருக்கு 57 வீதம் 228 எண்ணெய்ப் பனை, ஐந்தாவது வருடம். சொட்டுநீர், பொட்டாஷ், போரான் எதிலும் குறை வைக்கவில்லை. நாலைந்து மரத்துக்கு ஒரு மரம் பக்கத்து மரங்களைவிட உயரமாக, கரும்பச்சையாக, மட்டை இடுக்கெல்லாம் பூவும் பிஞ்சுமாக நின்றது. அதில் ஒரு குலையை உளியால் தள்ளிப் பார்த்தேன். பிஞ்செல்லாம் கறுத்துச் சுருங்கி, விரலால் நசுக்கினால் அழுகல் நீர் வடிந்தது. அப்புறம் இன்னொரு மரத்தில் நன்றாகப் பழுத்த பழம் ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டினேன், கத்தி பாதியிலேயே நின்றுவிட்டது. உள்ளே பருப்பைச் சுற்றியிருக்கும் ஓடு அவ்வளவு தடிமன்.

"கன்னு எங்கேங்க வாங்கினீங்க?"

"சித்தப்பா தோட்டத்துல மரத்தடியில முளைச்சுக் கெடந்துச்சு சார். அவருக்குத்தான் நல்லா காய்க்குதே, காசு குடுத்து எதுக்கு வாங்கணும்னு பையில போட்டு வளர்த்தேன்."

தென்னையில் நல்ல தாய்மரம் பார்த்து நெற்று எடுத்துப் பழகியவர்கள் நாம், அதனால் இது நியாயமாகத்தான் தோன்றும். எண்ணெய்ப் பனையில் அது செல்லாது. செல்லவே செல்லாது. உங்கள் சித்தப்பா தோட்டத்தில் நிற்பது டெனெரா, அது கலப்பினம். அதன் தாய் டூரா, ஓடு தடிமன், எண்ணெய் இருக்கும் சதை குறைவு. அப்பன் பிசிஃபெரா, அதற்கு ஓடே கிடையாது, ஆனால் பெரும்பாலும் குலை பழுக்காமலே அழுகிவிடும். இரண்டையும் சேர்த்தால்தான் மெல்லிய ஓடும் நிறைய சதையும் வருகிறது. இந்த ஓட்டுத் தடிமன் ஒரே ஒரு மரபணுவின் வேலை என்பது பெல்ஜியக் காங்கோவில் நடந்த ஆராய்ச்சியில் 1941-லேயே தெரிந்துபோன சங்கதி. டெனெரா பக்கத்து டெனெராவோடு சேர்ந்து விதை வைத்தால் அந்த விதையில் கால்வாசி டூரா, கால்வாசி பிசிஃபெரா, பாதிதான் டெனெரா. ஏக்கர் கணக்கில் சொன்னால், 57 மரத்தில் சுமார் 14 மரம் காலத்துக்கும் தண்ணீர் குடித்துக்கொண்டு சும்மா நிற்கும், இன்னொரு 14 மரம் ஓட்டைச் சுமந்து நிற்கும். கலப்பின மக்காச்சோளக் கதிரை உதிர்த்து அடுத்த போகத்துக்கு விதையாக வைப்பீர்களா? மாட்டீர்கள் இல்லையா, இதுவும் அதேதான். இதற்கு மருந்து இல்லை. எந்த உரம் போட்டாலும் ஓடு மெலியாது, எத்தனை முறை மண் பரிசோதனை செய்தாலும் பிசிஃபெரா காய்க்கப் போவதில்லை.

"டூரா குலையும் எடை நிக்குதே சார்" என்று அவர் கேட்டார். எடை நிற்கும், எண்ணெய் நிற்காது. டெனெராவோடு பார்த்தால் ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. நல்ல குலையிலேயே 100 கிலோ பிழிந்தால் 18, 20 கிலோதான் எண்ணெய் வரும். குலைக்கு விலை போடுவது அந்த எண்ணெயை வைத்துத்தான்.

இப்படிப்பட்ட கன்று ஏன் இப்போது இவ்வளவு சுற்றுகிறது என்றால், தேவை அப்படி. வருடத்துக்கு 80 லட்சம் டன் வாக்கில் பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வாங்குகிறோம். நம் உற்பத்தி அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2022 ஏப்ரலில் இந்தோனேசியா சில வாரம் ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே எண்ணெய் விலை என்ன ஆனது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்கு முந்தைய ஆண்டே மத்திய அரசு 11,040 கோடி ரூபாயில் எண்ணெய்ப் பனை இயக்கத்தை அறிவித்தது, கன்றுக்கான மானியத்தை எக்டேருக்கு 12,000 ரூபாயிலிருந்து 29,000 ஆக உயர்த்தியது. இந்தத் தோட்டக்காரர் பதிவு செய்திருந்தால் மானியத்திலேயே சரியான கன்று வந்திருக்கும், அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆனால் முளைவிதைக்கு நம்மிடம் தட்டுப்பாடு, கோஸ்டாரிகா, தாய்லாந்து வரை போய்த்தான் தருவிக்கிறார்கள். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் வீட்டு வாசலில் தரகர் கன்றோடு வந்து நிற்கிறார்.

தயவுசெய்து ரசீது இல்லாமல் ஒரு கன்றுகூட வாங்காதீர்கள். வேளாண்மைத் துறை அலுவலகத்தில் முதலில் பதிவு செய்யுங்கள். நர்சரியில் முளைவிதை எந்த விதைத் தோட்டத்திலிருந்து வந்தது என்று கேளுங்கள், பதில் சொல்லத் தடுமாறினால் திரும்பி வந்துவிடுங்கள். 12 மாதம் ஆகாத கன்று வேண்டாம். வண்டியில் ஏற்றும் முன் ஒரு கன்றைப் பையோடு கிழித்துத் தூரில் ஒட்டியிருக்கும் விதையைப் பாருங்கள். இதில் பலர் ஏமாறுகிறார்கள்: முறையான கன்றில் விதையின் ஓடு தடிமனாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஓடு தாய் மரத்தினுடையது, தாய் டூரா. விதையின் ஓடு மெல்லியதாக இருந்தால் அது டெனெரா மரத்தடியில் பொறுக்கியது, சந்தேகமே வேண்டாம்.

அன்றைக்கு அவரும் நானும் வரிசை வரிசையாக நடந்து பிசிஃபெரா மரங்களுக்கு அடையாளமாகச் சுண்ணாம்பு அடித்தோம். 61 மரம். அதே குழியில் புதுக் கன்று வைக்கலாமா என்று கேட்டார். நிமிர்ந்து பார்க்கச் சொன்னேன், சுற்றியிருக்கும் மரங்களின் மட்டை மேலே கூடிவிட்டது, நிழலில் சின்னக் கன்று வெளிச்சம் தேடி நெட்டையாகத்தான் போகும். மொத்தத்தையும் எடுப்பதா, இருப்பதோடு ஓட்டுவதா என்று வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் போன் வரவில்லை.