தாழ்ச்சி, தாழ்மை, தாழ்வு

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் 'தாழ்ச்சி' என்பார்கள். தென்னிந்தியத் திருச்சபையிலும் மெதடிஸ்த சபையிலும் 'தாழ்மை' என்றே கூடுதலாகக் கேட்கும். ஞானோபதேசத்தில், அதாவது சபையின் மறைக்கல்வியில், தலையான பாவங்கள் ஏழில் முதலாவது அகங்காரம். அதற்கு எதிரான புண்ணியம் இது. தாழ்ச்சி, தாழ்மை இரண்டுக்கும் வேர் ஒன்றே: தாழ். கீழிறங்குதல், வளைதல், பணிதல்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இதற்குரிய சொல் 'தபெய்னொஃப்ரொசுனே'. 'தபெய்னொஸ்' என்றால் தாழ்ந்த, கீழான; பின்பகுதி மனநிலையைக் குறிக்கும். பழைய கிரேக்கர் 'தபெய்னொஸ்' என்பதைப் பெரும்பாலும் இழிவாகவே வழங்கினர். அது அடிமையின் நிலை. மானமுள்ள குடிமகன் அதை ஒரு நற்குணமாக எண்ணவில்லை. புனித பவுல் அந்தச் சொல்லையே பிலிப்பியர் கடிதம் 2ஆம் அதிகாரத்தில் கிறிஸ்தவனின் அடையாளமாக்கினார்: கடவுள் வடிவில் விளங்கியவர் தம்மையே வெறுமையாக்கி, அடிமையின் வடிவெடுத்து, சிலுவைச் சாவை ஏற்றார். பிலிப்பி உரோமைக் குடியேற்ற நகரம். பதவிகளையும் பட்டங்களையும் கல்லில் வெட்டி வைத்த ஊர். ஆலயத்து மின்விசிறியிலும் மணிக்கூட்டிலும் உபயகாரர் பெயர் எழுதும் எங்களுக்கு அந்த ஊரை விளங்கிக்கொள்வது கடினமல்ல. பொன்னாடை போர்த்துவதும், அந்தப் படம் முகநூலில் ஏறுவதும் இப்போது கோயிற் பெருநாளோடு சேர்ந்தே வருகின்றன.

இலத்தீனில் 'ஊமிலித்தாஸ்'. மண்ணைக் குறிக்கும் 'ஊமுஸ்' என்ற சொல்லோடு உறவுடையது.

தமிழில் 'தாழ்வு' என்ற சொல்லையும் இதனோடு போட்டுக் குழப்பக் கூடாது. தாழ்ச்சி ஒருவர் தாமாக விரும்பி ஏற்பது. தாழ்வு பிறர் சுமத்துவது. சாதி பார்த்து இருக்கை பிரித்த ஆலயங்கள் இந்த மண்ணில் இருந்தன. பின்னால் உட்கார வைக்கப்பட்டவரிடம் 'தாழ்ச்சியாக இருங்கள்' என்று சொன்னால் அது நற்செய்தியே அல்ல. லூக்கா 14இல் இயேசு பேசியது பரிசேயர் தலைவர் ஒருவரின் வீட்டு விருந்தில் முதன்மை இடத்தைத் தேடிப் பிடித்தவர்களிடம். யோவான் 13இல் சீடரின் பாதம் கழுவத் துவாலையை இடுப்பில் கட்டியவர், அவர்கள் 'ஆண்டவர்' என்று அழைத்த அவரேதான். பெரிய வியாழன் சடங்கில் குருவானவர் குனிகிறார், மக்கள் அல்ல. தாழ்வு மனப்பான்மையும் வேறு. தன்னை வெறுப்பவரும் நாள் முழுக்கத் தன்னையே நினைத்துக்கொண்டிருப்பார்.

இந்தச் சொல்லுக்கு உரை தேடினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் புனித யோசப் வாஸ். கோவாவில் கொங்கணி பிராமணக் குடும்பத்தில் பிறந்த குரு. ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கூலியாள் வேடத்தில் இலங்கை வந்தார். யாழ்ப்பாணத்தில் சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்துக் காத்தார்கள். வேடம் பாதுகாப்புக்காகப் போட்டது என்று சொல்லலாம்தான். ஆனால் பின்னர் ஆயர் பதவி தேடி வந்தபோதும் வேண்டாம் என்று மறுத்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

பவுலின் அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு நேர் தமிழ்ச் சொல் எது? பணிவு பிறர்முன் நடக்கும் விதம். அடக்கம் புலனையும் நாவையும் காப்பது. குறள் 978 'பணியுமாம் என்றும் பெருமை' என்று மிக அருகில் வருகிறது. சிறுமை தன்னையே வியந்து அணியும் என்பது அதன் மறுபாதி. ஆனாலும் அடிமை வடிவெடுத்தவரின் குணத்துக்கு 'மனத்தாழ்மை'யே பொருந்தும். மத்தேயு 11:29இல், 'என்னிடம் கற்றுக்கொள்ளுங்கள்' என்று இயேசு அழைக்கும் இடத்தில், பழைய வேதாகம மொழிபெயர்ப்பும் பிந்திய பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் அந்தச் சொல்லையே வைத்திருக்கின்றன.