"கண்டறியப்படவில்லை" என்றால் இல்லை என்று அர்த்தமா?

சிங்கப்பூர் தேக்காவில் மசாலா மொத்த வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர் போன மாதம் ஒரு பரிசோதனை ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். மிளகாய்த்தூளில் தேடிய பூச்சிக்கொல்லிகள் எல்லாவற்றுக்கும் நேரே வரிசையாக "கண்டறியப்படவில்லை" என்றே போட்டிருந்தது. "அதான் ஒண்ணும் இல்லைன்னு எழுதிட்டாங்களே தம்பி, அப்புறம் எதுக்கு இன்னொரு தடவை காசு கட்டணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக் கருவியோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் என்பதால் அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

பொருளில் அது நிஜமாகவே இல்லாமல் இருக்கலாம். இருந்தும் கருவிக்குத் தெரியாமல் போயிருக்கலாம். தாளில் இரண்டும் ஒரே மாதிரிதான் வரும்.

எப்படித் தெரியாமல் போகும்? எல்சி-எம்எஸ் என்பது சாற்றில் உள்ளவற்றை முதலில் ஒரு குழாயில் பிரித்து மாஸ் ஸ்பெக்குக்கு அனுப்பும் கருவி. அதில் நாம் எடுத்த சாறு ஊசிமுனையிலிருந்து மின்னூட்டம் ஏறிய நுண்துளிகளாகத் தெறிக்கும். துளி வற்றும்போது மின்னூட்டத்தோடு வெளியே வரும் மூலக்கூறைத்தான் கருவி எண்ணும். மிளகாய்ச் சாற்றிலோ எண்ணெய், நிறமி, காரச்சத்து எல்லாம் நாம் தேடும் பூச்சிமருந்தைவிடப் பல ஆயிரம் மடங்கு கூடுதல். காலை எட்டரை மணிக்குப் பெருவிரைவு ரயில் கதவில் என்ன நடக்குமோ அதுதான் அங்கேயும்; நாம் காத்திருக்கும் ஆள் இறங்க வழியில்லாமல் உள்ளேயே நின்றுவிடுகிறார். இதைத்தான் மேட்ரிக்ஸ் எஃபெக்ட் என்கிறோம்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மருந்துக் கரைசலை சிரிஞ்ச் பம்ப் வழியாக ஒரே சீராகக் கருவிக்குள் விட்டுக்கொண்டே இருந்தால் திரையில் கோடு நேராகப் போகும். அந்த நேரத்தில் மருந்தே இல்லாத சுத்தமான மிளகாய்ச் சாற்றை அந்தப் பிரிக்கும் குழாய் (column) வழியாகச் செலுத்திப் பாருங்கள். நான் பார்த்தபோது நாலாவது நிமிடத்தில் கோடு கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கி, கிட்டத்தட்ட ஒரு நிமிடம் கழித்துத்தான் மேலே ஏறியது. அந்த ஒரு நிமிடத்தில் வெளிவரும் எந்த மருந்தும் குறைவாகத்தான் தெரியும், சில சமயம் தெரியவே தெரியாது.

சரி, சாற்றை இன்னும் சுத்தம் செய்தால் போதாதா? செய்யலாம், ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. கறிவேப்பிலையின் பச்சையத்தை எடுக்க கார்பன் தூள் போடுவோம், அது பச்சையத்தோடு சேர்த்து தையாபெண்டசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாதிரித் தட்டையான மூலக்கூறுகளையும் பிடித்துக்கொள்ளும். அதனால் நான் முதலில் செய்து பார்ப்பது வேறு: சாற்றைப் பத்து மடங்கு நீர்க்க வைப்பேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் சிக்னல் போய்விடும் என்று பயப்படுவார்கள். மருந்து பத்தில் ஒரு பங்காகும்போது நெரிசலும் அதே அளவு குறைகிறது, அதனால் பெரும்பாலும் சிக்னல் அந்த அளவுக்கு விழாது, கணக்கும் நிஜத்துக்குப் பக்கத்தில் வரும். இப்போதைய கருவிகளின் நுண்ணுணர்வுக்கு இது தாங்கும்.

அப்புறம் ஐசோடோப்பு ஏற்றிய உள் ஸ்டாண்டர்டு, அதாவது நெரிசலில் எவ்வளவு இழந்தோம் என்று கணக்குப் போட, தெரிந்த அளவில் நாமே சேர்க்கும் அதே மருந்தின் கொஞ்சம் கனமான வடிவம். டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) போட்டது பெரும்பாலும் மருந்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும், பள்ளம் செங்குத்தாக இருந்தால் அந்தச் சிறு இடைவெளியே கணக்கைக் கெடுக்கும். கட்டுப்படியானால் கார்பன்-13 போட்டதை வாங்குங்கள், அது மருந்தோடு சேர்ந்தே வரும். இன்னொன்று, உலர்ந்த தூளை முதலில் தண்ணீரில் ஊறவைக்காமல் நேராக அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை ஊற்றுகிறவர்களை இன்னமும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம், உள்ளே இருக்கும் மருந்து முழுசாக வெளியே வராது.

எதைத் தேடினார்கள் என்பதும் முக்கியம். 2024 ஏப்ரலில் சிங்கப்பூர் உணவு அமைப்பு ஒரு மீன் குழம்பு மசாலாவைத் திரும்பப் பெறச் சொன்னது கிருமிகளைக் கொல்லப் பயன்படும் எத்திலீன் ஆக்சைடுக்காக. அது 11 டிகிரிக்குக் கீழேயே கொதித்துவிடும் வாயு, மசாலாவில் பெரும்பகுதி 2-குளோரோஎத்தனாலாக மாறித்தான் தங்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காத ரிப்போர்ட்டில் "இல்லை" என்று வந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்தேன்: தெரிந்த அளவு மருந்தை மிளகாய்த்தூளிலேயே கலந்து சோதித்தபோது எவ்வளவு திரும்பக் கிடைத்தது? இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அந்தச் சோதனையை அவர்கள் மிளகாய்த்தூளில் செய்யவே இல்லை, வெள்ளரிக்காயில் செய்திருக்கிறார்கள்.