ஸ்டீரியோ என்றால் இரண்டு இல்லை

எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு காலத்தில் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு இருந்தன. ஒன்று கல்லாவுக்கு மேலே, இன்னொன்று வாசலில் தெருவைப் பார்த்தபடி. வாசல் பெஞ்சில் உட்கார்ந்தால் தபேலாவும் கிதாரும் கேட்கும். உள்ளே போய் வடை கேட்டால் வயலின் கூட்டம் கேட்கும். பாடுகிறவர் மட்டும் இரண்டு இடத்திலும் பாடிக்கொண்டிருப்பார். "ஸ்டீரியோ செட்டு தம்பி" என்று கடைக்கார அண்ணன் சொல்லும்போது குரலில் ஒரு மிதப்பு இருக்கும். பெட்டி இரண்டு என்றால் ஸ்டீரியோ என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். மோனோ என்றால் ஒன்று, ஸ்டீரியோ என்றால் இரண்டு. கணக்கு சரியாகத்தானே வருகிறது?

வரவில்லை. மோனோ கிரேக்க மொழியில் 'ஒற்றை'தான், அதில் தகராறு இல்லை. ஆனால் ஸ்டீரியோவுக்கு மூலமான 'ஸ்டெரெயோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கெட்டியானது, திண்மையானது, உறுதியானது என்று பொருள். இரண்டு என்ற எண்ணுக்கு அதில் இடமே கிடையாது.

இந்தச் சொல்லின் உறவினர் ஒருவரை நமக்கு நன்றாகத் தெரியும்: கொலஸ்ட்ரால். கிரேக்கத்தில் 'கோலே' என்றால் பித்தநீர், அதோடு ஸ்டெரெயோஸ். பித்தப்பைக் கல்லில் கெட்டியாகக் கிடைத்த பொருள் என்பதால் வந்த பெயர். ஸ்டீராய்டும் அந்த வழியில் பிறந்ததுதான். அச்சுக்கூடத்தில் எழுத்துகளைக் கோத்த பக்கத்தை அப்படியே ஒரே ஈயத் தகடாக வார்த்து வைப்பதற்கு ஸ்டீரியோடைப் என்று பெயர். மாற்ற முடியாத தகடு என்பதால், பிறகு மனிதர்களைப் பற்றிய மாறாத முன்முடிவுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

நம் கதைக்கு முக்கியமான உறவு ஸ்டீரியோஸ்கோப். 1838இல் ஆங்கிலேய அறிவியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன் அதை விளக்கிக் காட்டினார். கொஞ்சம் வேறுபட்ட இரண்டு தட்டைப் படங்கள், ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்று. பார்க்கிறவருக்கு இரண்டு படம் தெரியாது. உருண்டு திரண்ட ஒரே பொருள் தெரியும். படத்தில் இல்லாத திண்மையை மூளை சேர்த்துக்கொள்கிறது. அந்தத் திண்மைக்காகத்தான் ஸ்டீரியோ என்று பெயர், படம் இரண்டு என்பதற்காக இல்லை.

காதுக்கும் இதே வித்தை செல்லும் என்பது 1881இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் தெரிந்தது. கிளெமாங் அதேர் என்ற பொறியாளர் ஓபரா மேடையின் முன்விளிம்பில் மைக்குகளை வைத்து, தொலைபேசிக் கம்பி வழியாகப் பாட்டைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். காதுக்கு ஒன்றாக இரண்டு ரிசீவர்களை வைத்துக் கேட்டவர்களுக்கு, பாடகர் மேடையில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடப்பது புரிந்தது.

அதை ஸ்பீக்கருக்குக் கொண்டுவந்தவர்களில் என் மதிப்பில் முதலிடம் இங்கிலாந்தின் ஆலன் பிளம்லைனுக்கு. சினிமா பேசத் தொடங்கியிருந்த காலம். திரையில் நடிகர் நகர்ந்தாலும் குரல் ஒரே இடத்தில் நிற்பது அவருக்கு எரிச்சலாக இருந்தது என்று சொல்வார்கள். 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஒரே இசைத்தட்டுப் பள்ளத்தின் இரு சுவர்களில் இரண்டு ஒலிகளைச் செதுக்கும் வழி வரை அதில் இருந்தது. 1950களின் கடைசியில் கடைக்கு வந்த ஸ்டீரியோ ரெக்கார்டுகள் அந்த முறையில்தான் செதுக்கப்பட்டன. அதைப் பார்க்க அவர் இல்லை. 1942இல் ரேடார் சோதனையின்போது விமானம் விழுந்து இறந்துபோனார், வயது 38. ஒரு வேடிக்கை, அவர் தன் முறைக்கு வைத்த பெயர் ஸ்டீரியோ அல்ல. 'இருசெவி ஒலி' என்ற பொருள்படும் பைனாரல் என்றே எழுதினார். இன்று அந்தப் பெயர் ஹெட்போனுக்கென்றே எடுக்கும் பதிவுகளுக்குப் போய்விட்டது.

சரி, அந்தத் திண்மை எங்கே உருவாகிறது? வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் இப்போதே பார்க்கலாம். இரண்டுக்கும் உங்களுக்கும் நடுவே மூன்று பக்கமும் சமமான முக்கோணம் அமைகிற மாதிரி உட்காருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, குரல் வரும் இடத்தை விரலால் காட்டுங்கள். கண்ணைத் திறந்தால் விரலுக்கு நேரே சுவரில் காலண்டர் தொங்கும். அங்கே ஸ்பீக்கர் இல்லை, பாடகரும் இல்லை.

நம் மண்டைக்குள் நடப்பது இது. இடப்பக்கத்து ஒலி இடக் காதுக்கு முதலில் வரும், தலையைச் சுற்றி வலக் காதுக்குச் சற்றுத் தாமதமாக வரும். எவ்வளவு பக்கவாட்டில் இருந்தாலும் அந்தத் தாமதம் ஏறக்குறைய ஒரு மில்லிவிநாடியின் மூன்றில் இரண்டு பங்குதான். ஆனால் கூர்மையான காதுள்ளவர்களின் மூளை, விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூடப் பிடித்துவிடும். தாழ்ந்த சுருதிகளுக்கு இந்த நேரக் கணக்கு, உயர்ந்த சுருதிகளுக்குத் தலை மறைப்பதால் குறையும் சத்தத்தின் கணக்கு என்று 1907இலேயே ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு பிரித்துச் சொல்லியிருக்கிறார். இந்த ஒப்பீடு மூளைத்தண்டிலேயே, நாம் 'கேட்டோம்' என்று உணர்வதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

ஸ்பீக்கர் முன்னால் உட்காரும்போது ஒவ்வொரு காதுக்கும் இரண்டு பெட்டியின் ஒலியும் வருகிறது. இடப் பெட்டியில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால், இரண்டும் கலந்து காதில் சேரும்போது அந்தச் சத்த வித்தியாசம் நேர வித்தியாசமாக மாறிவிடுகிறது. பாடகர் இடப்பக்கம் நகர்கிறார். பிளம்லைன் கண்டுபிடித்த சூட்சுமம் இதுதான். எனக்கு இன்றும் இது கொஞ்சம் மந்திரம் மாதிரித்தான் இருக்கிறது.

மந்திரம் கலைவதும் சுலபம். மற்றதைவிட ஒரு பெட்டிக்கு ஒரு மீட்டர் நெருங்கி உட்கார்ந்தால் அதன் ஒலி ஏறக்குறைய 3 மில்லிவிநாடி முந்திக்கொள்ளும். முதலில் வந்தவனுக்கே இடம் என்று மூளை முடிவு செய்துவிடும், குரல் அந்தப் பெட்டிக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர்க் கார்களில் ஓட்டுகிறவருக்குப் பாடகர் வலது கதவில் உட்கார்ந்திருப்பது இதனால்தான். ஹெட்போனில் வேறு கூத்து. இடது ஒலி இடக் காதுக்கு மட்டும், அதுவும் காதுமடலின் வளைவுகளில் பட்டு வரும் வழக்கமான ஒலிச்சாயல் இல்லாமல் வருவதால், பாடகர் தலைக்குள்ளேயே குடியேறிவிடுகிறார்.

நான் ஒருமுறை பெட்டிகளை இடம் மாற்றியபோது ஒன்றில் சிவப்பு, கறுப்பு ஒயரை மாற்றி மாட்டிவிட்டேன். ஒரு பெட்டியின் கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். நடுவில் நின்ற குரல் முகவரி இல்லாமல் அறை முழுக்கப் பரவியது, பேஸ் என்கிற தாழ்ந்த சுருதி ஒலி கரைந்துபோனது. "என்ன விசாலம்!" என்று நாலு மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி தமிழ்ச்சொல். ஈரொலி, இரட்டை ஒலி என்றெல்லாம் சொல்லத் தோன்றும். அவை பெட்டியை எண்ணுகின்றன, கேட்பதைச் சொல்லவில்லை. டீக்கடைக்குப் பொருந்தும். முப்பரிமாண ஒலி என்றால் அதிகம் சொன்னதாகிவிடும், இரண்டு பெட்டி உயரத்தை ஒழுங்காகக் காட்டாது. மூலப்பொருளுக்கு நேரே நிற்பது 'திண்'. திட, திரவ, வாயுப் பொருள்களைத் திண்மம், நீர்மம், வளிமம் என்கிறோம். வள்ளுவரின் 'திண்ணியர்' உறுதி உடையவர். கெட்டி, உறுதி என்ற கிரேக்கச் சொல்லின் இரண்டு முகங்களும் இந்த ஒரு வேரிலேயே இருக்கின்றன. ஆக, திண்ணொலி. மோனோவுக்கு ஒற்றையொலி. திண்ணொலிப் பதிவு, திண்ணொலித் தட்டு என்று ஒட்டிப் பார்த்தாலும் இடிக்கவில்லை.

இன்னொன்றும் முயன்றேன். கனசதுரம், கன அளவு என்பதில் வரும் 'கன'வும் இந்தப் பொருளுக்குப் பக்கம்தான். கன, ஒலி இரண்டையும் சேர்த்தால் கனவொலி. கனவு, ஒலி இரண்டையும் சேர்த்தாலும் கனவொலியே. காலண்டர் இருக்கும் இடத்தில் நின்று பாடுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. ஆனால் எழுதினால் எல்லோரும் கனவு என்றே படிப்பார்கள் என்பதால் கைவிட வேண்டியதாயிற்று. கட்டுரையில் திண்ணொலி என்று எழுதுகிறேன். கடைக்குப் போனால் மட்டும் "காருக்கு ஒரு ஸ்டீரியோ மாட்டணும்ணே" என்றுதான் கேட்பேன்.