மூன்று வருடத்துக்குள் கேட்க வேண்டிய கணக்கு

ஊரையும் தொழிலையும் மாற்றிச் சொல்கிறேன். ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டி. அண்ணனும் தம்பியும் ஆளுக்குப் பாதி என்று பத்திரம் போட்டு நடத்தினார்கள். தம்பி திடீரென்று இறந்துவிட்டார். பெரியப்பா மாதாமாதம் 15,000 ரூபாய் அனுப்பிவைத்தார். “பங்கு எங்கே போயிடும்? பசங்க படிப்பு முடியட்டும்” என்பார். துக்க வீட்டுக்காரி கணக்கு கேட்டால் சொந்தபந்தம் என்ன பேசும் என்று தம்பியின் மனைவியும் இருந்துவிட்டார். வக்கீலான என்னிடம் வந்தபோது நான்காவது வருடத் திதி முடிந்திருந்தது.

இருவர் மட்டுமே கூட்டாளிகள் என்றால் ஒருவர் இறந்த அன்றே அந்த பார்ட்னர்ஷிப் கலைந்துவிடுகிறது. கடை திறந்திருக்கலாம், போர்டில் அதே பெயர் இருக்கலாம். ஆனாலும் கணக்கும் லாபப் பங்கும் கேட்டு வழக்குப் போட, 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் தருவது கலைந்த நாளிலிருந்து 3 வருடம்தான். எத்தனையோ குடும்பங்கள் இந்தக் கெடு தெரியாமலே பங்கை இழந்துவிட்டு வந்து நிற்பதைப் பார்க்கையில் எனக்கு ஆறவே ஆறாது.

இந்த அம்மாவுக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு தாள். வங்கிக் கடனுக்காகப் பெரியப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஐந்தொகையின் (பேலன்ஸ் ஷீட்) நகல். முதலீட்டுக் கணக்கில் இறந்த தம்பியின் பெயரும் அவருக்குச் சேர வேண்டிய தொகையும் அப்படியே இருந்தன. தம்பி இறந்து இரண்டாவது வருடத்தில் போட்ட கையெழுத்து அது. கெடு முடிவதற்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டால், ஒப்புக்கொண்ட நாளிலிருந்து கெடு புதிதாக ஓடும். அதை வைத்து வாதாட ஒரு பிடி கிடைத்தது. உடனே வழக்குப் போட்டோம்.

பையன் கேட்டது மண்டிக் கட்டடத்தில் பாதி. அப்படிக் கேட்க முடியாது. ஃபர்ம் பணத்தில் வாங்கிய கட்டடம் ஃபர்மின் சொத்து. கணக்குத் தீர்க்கும்போது முதலில் வெளிக்கடன், அடுத்து கூட்டாளிகள் கைமாற்றாகப் போட்ட பணம், அதன்பின் முதலீடு, மிஞ்சியதில்தான் பங்கு. ஆனால் கணக்குத் தீர்க்காமல் பெரியப்பா தொழிலைத் தொடர்ந்த காலத்துக்கு, தம்பியின் பங்கை வைத்துச் சம்பாதித்த லாபத்தையோ அந்தப் பங்குத் தொகைக்கு வருடத்துக்கு 6 சதவீத வட்டியையோ வாரிசுகள் கேட்கலாம். எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது அவர்கள் உரிமை. 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 37ஆவது பிரிவு இது. கேட்டால் கிடைக்கும் என்றே பலருக்குத் தெரிவதில்லை.

அப்புறம், வாரிசு என்றதும் மனைவி, பிள்ளைகளோடு நிறுத்திவிடுகிறார்கள். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. இந்த வழக்கில் பாட்டி பெரியப்பா வீட்டில்தான் இருந்தார். கட்டிக்கொடுத்த மகளையும் விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் இப்படி ஒரு சாவு நேர்ந்திருந்தால், காரியம் முடிந்ததும் பார்ட்னர்ஷிப் பத்திரம், இறந்த தேதிக்கு முந்தைய கடைசி ஐந்தொகை, அன்றைய சரக்கிருப்பு, வர வேண்டிய பாக்கிப் பட்டியல் எல்லாவற்றுக்கும் நகல் வாங்கி வையுங்கள். பெரியப்பாவோ சித்தப்பாவோ நல்லவராகவே இருக்கட்டும். “இன்ன தேதியில் உங்கள் பங்கு இவ்வளவு” என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். நல்லவர் தயங்க மாட்டார்.