ஓசனிச்சிட்டு

ஹம்மிங்பேர்டைத் தமிழில் பலரும் 'தேன்சிட்டு' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பெயருக்கு ஏற்கெனவே சொந்தக்காரர் உண்டு. நம் ஊர்ச் செம்பருத்தியில் கிளையைப் பற்றிக்கொண்டு தேன் குடிக்கிறதே, அதுதான் தேன்சிட்டு. ஹம்மிங்பேர்ட் வட, தென் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்வது. அதற்கு நெருங்கிய உறவு உழவாரன் (ஆங்கிலத்தில் ஸ்விஃப்ட்). தேன்சிட்டு மிகவும் தூரம். இரண்டும் தேன் குடிப்பவை என்பதற்காக ஒரே பெயரில் அழைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஆங்கிலப் பெயர் சிறகு எழுப்பும் 'ஹம்' என்ற ஒலியிலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் வந்தது. பிரெஞ்சிலும் ஸ்பானிய மொழியிலும் 'கொலிப்ரி' என்பார்கள். போர்த்துக்கீசியர் வைத்த பெயர் 'பேய்ஜா-ஃப்ளோர்', அதாவது பூவை முத்தமிடுவது.

தமிழில் 'ரீங்காரச்சிட்டு' என்றும் சொல்கிறார்கள். புரியும், தவறில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது ஓசனிச்சிட்டு. ஓசனித்தல் என்றால் பறவை சிறகடித்துக்கொள்வது. 'ஓசை'யோடு இதைச் சேர்த்துப் பொருள் கொள்ள வேண்டாம். இங்கே பேச்சு சிறகைப் பற்றியது. இந்தப் பறவையிடம் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். பூவின் முன்னால் காற்றில் அப்படியே நிற்கும், பின்னோக்கியும் பறக்கும்.

கனடாவின் வான்கூவரில் குளிர்காலத்திலும் தங்கும் அன்னா ஓசனிச்சிட்டைப் பார்த்தால் பெயரின் பொருத்தம் விளங்கும். சுமார் 10 செ.மீ. நீளம், எடை 4 கிராம் அளவு, நொடிக்கு 40 முறைக்கு மேல் சிறகடிப்பு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்குக் கலிபோர்னியாவிலும் மெக்சிகோவின் பாஹா பகுதியிலும் மட்டுமே கூடுகட்டிய பறவை இது. தோட்டங்களில் வெளிநாட்டுப் பூச்செடிகளும் சர்க்கரைநீர்க் கிண்ணங்களும் பெருகப் பெருக வடக்கே பரவியது. 2017-இல் வான்கூவர் இதையே தன் நகரப் பறவையாக்கிக்கொண்டது.

அங்கே குயின் எலிசபெத் பூங்காவில் குளிர்காலத்தில் தேடுவதென்றால் மஞ்சள் பூக்கும் மகோனியாப் புதர்களின் அருகே நிற்கலாம். தேனோடு சிறு பூச்சி, சிலந்திகளையும் பிடித்துத் தின்றுதான் குளிரைச் சமாளிக்கிறது. கடுங்குளிர் இரவில் உடல்சூட்டைச் சுமார் 41 பாகை செல்சியஸிலிருந்து 9 பாகை வரைகூட இறக்கி, மூச்சையும் இதயத்துடிப்பையும் குறைத்து அசையாமல் இருந்துவிடும். விடிந்ததும் உடனே இரை தேட வேண்டும். புகைப்படத்துக்காகப் புதருக்குள் நுழைந்து அதை விரட்டுவது பெரும் கொடுமை; கொஞ்சம் விலகியே நில்லுங்கள்.

பொறுமை இருந்தால் போதும். ஆண் பறவை தன் இடத்தைக் காவல் காக்கும். பறந்து போனாலும் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும். அந்தக் குச்சியைக் குறிவைத்துக் காத்திருங்கள். படத்தில் சிறகை உறைய வைக்க, கேமராவின் ஷட்டர் வேகம் நொடியில் 2000-இல் ஒரு பங்காவது வேண்டும். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். தொண்டையின் ரோஜா நிறம் சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண் அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. அதனால் பக்கவாட்டில் கறுப்பாகத் தெரியும் தொண்டை, பறவை நம் பக்கம் திரும்பிய கணத்தில் பளீரென்று எரியும். தலையிலும் அதே நிறம் மின்னும்.

அப்புறம், 'அன்னா' என்பதை நம் அன்னத்தோடு இணைக்க வேண்டாம். 1829-இல் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் ரெனே லெசோன், ரிவோலிப் பிரபுவின் மனைவி அன்னா மசேனாவின் பெயரை இதற்கு வைத்தார். அதை அப்படியே விட்டுவிடலாம். நிறத்தால் பெயர் பெற்ற இனங்களைத் தமிழாக்குவது எளிது: வசந்தத்தில் வான்கூவருக்கு வந்து, குளிருக்கு முன் தெற்கே மெக்சிகோ பக்கம் போய்விடும் 'ரூஃபஸ்' இனத்தைச் செம்பழுப்பு ஓசனிச்சிட்டு என்று எழுதலாம்.